ஜிம் மெக்லாக்லின்

ஜேம்ஸ் "ஜிம்" மெக்லாக்லின் (1940–2024) வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் பிறந்த காற்பந்தாட்டக்காரரும் காற்பந்துக் கழக மேலாளரும் ஆவார். ஆட்டக்காரராக இவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இங்கிலாந்து காற்பந்து லீக்கின் கீழ்ப்பிரிவுகளில் ஆடிய கழகங்களில் கழித்தார். இங்கிலாந்தின் முதல் பிரிவில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஆயினும் மேலாளராக மாறிய பின், டண்டாக், ஷாம்ராக் ரோவர்ஸ், டெர்ரி சிட்டி ஆகிய மூன்று வெவ்வேறு கழகங்களை அயர்லாந்து லீக்கின் சாம்பியன்களாக ஆக்கினார். 1976 முதல் 1989 வரையான காலத்தில் இவரது அணிகள் 7 லீக் பட்டங்களையும் 6 எஃப்.ஏ.ஐ. கோப்பைகளையும் வென்றன.

வட அயர்லாந்தில் கலவரங்கள் நிகழ்ந்த காலமும் இவர் மேலாளராகப் பணியாற்றிய காலமும் பெரும்பாலும் ஒன்றே. இவர் பொறுப்பேற்ற கழகங்களுள் ஒன்று எல்லையை ஒட்டிய ஊரில் இருந்தது. மற்றொன்று எல்லைக்கு அப்பால் இருந்துகொண்டே இப்புறத்து லீக்கில் ஆடியது. ஆகவே இவரது வாழ்க்கை வரலாறு அயர்லாந்துக் காற்பந்து இரண்டாகப் பிரிந்து கிடந்த வரலாற்றோடு பிணைந்தது.

தகவல் சுருக்கம்

பிறப்பு: டிசம்பர் 22, 1940, டெர்ரி, வட அயர்லாந்து
இறப்பு: 2024
ஆட்டநிலை: முன்கள ஆட்டக்காரர்
ஆடிய முதன்மைக் கழகங்கள்: ஷ்ரூஸ்பரி டவுன், சுவான்சி டவுன்
தேசிய அணி: வட அயர்லாந்து (12 ஆட்டங்கள், 6 கோல்கள்)
மேலாளராக: டண்டாக், ஷாம்ராக் ரோவர்ஸ், டெர்ரி சிட்டி

பின்புலம்: ஒரு தீவு, இரண்டு லீக்குகள்

அயர்லாந்துத் தீவின் காற்பந்து முழுவதையும் தொடக்கத்தில் பெல்ஃபாஸ்ட் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரிஷ் காற்பந்துச் சங்கம் நிர்வகித்து வந்தது. 1921-ஆம் ஆண்டு டப்ளின் நகரைச் சார்ந்த கழகங்கள் பிரிந்து தனிச் சங்கம் அமைத்தன. அதே காலத்தில் தீவும் அரசியல் அடிப்படையில் இரண்டாகப் பிரிந்தது. வடகிழக்கிலுள்ள 6 மாவட்டங்கள் வட அயர்லாந்து என்ற பெயரில் ஐக்கிய இராச்சியத்தில் நீடித்தன. எஞ்சிய பகுதி பின்னர் அயர்லாந்துக் குடியரசாயிற்று.

இதன் விளைவாக இன்றும் இரண்டு தேசிய அணிகளும் இரண்டு லீக்குகளும் உள்ளன. வடக்கில் நடைபெற்ற போட்டி "ஐரிஷ் லீக்" எனவும், தெற்கில் நடைபெறும் போட்டி "அயர்லாந்து லீக்" எனவும் அழைக்கப்பட்டன. பெயர்கள் ஏறத்தாழ ஒன்றாக ஒலிப்பதால் வாசகர்கள் இவற்றைக் குழப்பிக்கொள்வது உண்டு. தெற்கின் முதன்மையான வெளியேற்றுமுறைக் கோப்பை எஃப்.ஏ.ஐ. கோப்பை ஆகும்.

மெக்லாக்லின் பிறந்த டெர்ரி (அலுவல்முறைப் பெயர் லண்டன்டெர்ரி) ஃபாயில் ஆற்றங்கரையில், குடியரசின் எல்லையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது. கத்தோலிக்கர் பெரும்பான்மையினராக வாழும் இந்நகரின் கழகமான டெர்ரி சிட்டி, 1928-இல் நிறுவப்பட்டு, வடக்கின் ஐரிஷ் லீக்கில் ஆடி வந்தது.

ஆட்டக்காரராக

தொடக்கம்

தம் ஊர்க் கழகத்தில் ஆடத் தொடங்கிய மெக்லாக்லின், 1958-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் சிட்டி கழகத்தில் சேர்ந்தார். அப்போது அக்கழகம் முதல் பிரிவில், அதாவது நாட்டின் மிக உயர்ந்த பிரிவில் இருந்தது. அங்கு அவருக்கு ஒரு லீக் ஆட்டத்தில்கூட ஆடும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1960-இல், மூன்றாம் பிரிவில் இருந்த ஷ்ரூஸ்பரி டவுன் கழகத்துக்கு மாறினார்.

அக்காலத்தில் இங்கிலாந்து காற்பந்து லீக் நான்கு பிரிவுகளைக் கொண்டிருந்தது. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் அடிநிலையில் உள்ள அணிகள் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படும். கீழ்ப்பிரிவின் முன்னணி அணிகள் மேலே ஏறும். பெரிய நகரங்களின் செல்வம் மிக்க கழகங்கள் மேலே நிலைத்திருக்க, ஷ்ரூஸ்பரி போன்ற சிறிய ஊர்களின் கழகங்கள் மூன்றாம், நான்காம் பிரிவுகளில் குறைந்த வருவாயுடன் இயங்கின. இங்குதான் மெக்லாக்லின் நிலையான முன்கள ஆட்டக்காரர் என்ற பெயரைப் பெற்றார். அப்போது அக்கழகத்தை வழிநடத்தியவர் ஆர்தர் ரவுலி. ஆடிக்கொண்டே அணியையும் நிர்வகித்த ரவுலி, இங்கிலாந்து லீக் வரலாற்றில் மிகுதியான கோல்களை அடித்தவர். பிற்காலத்தில் மெக்லாக்லினும் இதே இரட்டைப் பொறுப்பை ஏற்றே மேலாளர் பணியைத் தொடங்கினார்.

சுவான்சி டவுன், 1964 எஃப்.ஏ. கோப்பை

1963-இல் மெக்லாக்லின் வேல்சிலுள்ள சுவான்சி டவுன் கழகத்தில் சேர்ந்தார். சுவான்சி அப்போது இரண்டாம் பிரிவில் இருந்தது. அப்பருவம் முழுவதும் பட்டியலின் அடிப்பகுதியிலேயே தவித்தது. எனினும் எஃப்.ஏ. கோப்பையில் எதிர்பாராத வெற்றிகளைப் பெற்றுக் காலிறுதி வரை முன்னேறியது.

1964 பிப்ரவரி 29 அன்று லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் அரங்கில் காலிறுதி ஆட்டம் நடைபெற்றது. அப்பருவத்தின் லீக் பட்டத்தை வெல்லவிருந்த லிவர்பூல் அணியைச் சுவான்சி 2–1 என்ற கணக்கில் வென்றது. சுவான்சியின் கோல்களை மெக்லாக்லினும் எடி தாமசும் அடித்தனர். லிவர்பூலின் ரோனி மோரன் ஒரு தண்ட உதையை வீணாக்கினார். சுவான்சியின் கோல் காப்பாளர் நோயல் டுவயர் அன்று பல முயற்சிகளைத் தடுத்தார்.

மார்ச் 14 அன்று வில்லா பார்க் அரங்கில் பிரெஸ்டன் நார்த் எண்ட் அணிக்கு எதிராக நடைபெற்ற அரையிறுதியிலும் முதல் கோலை மெக்லாக்லினே அடித்தார். ஆனால் பிற்பாதியில் பிரெஸ்டன் இரண்டு கோல்களை அடித்து 2–1 என வென்றது. இறுதியாட்டம் நடைபெறும் வெம்பிளி அரங்கை எட்டும் வாய்ப்பு இவ்வாறு கைநழுவியது. அடுத்த பருவத்தில், 1965-இல், சுவான்சி மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. 1967-இல் நான்காம் பிரிவுக்கும் இறங்கியது. மெக்லாக்லின் 1967-இல் பீட்டர்பரோ யுனைட்டட் கழகத்தில் சிறிது காலம் ஆடிய பின் மீண்டும் ஷ்ரூஸ்பரிக்குத் திரும்பினார். 1970-களின் தொடக்கத்தில் சுவான்சியுடன் மறுபடி இணைந்தார். அதற்குள் அக்கழகம் சுவான்சி சிட்டி எனப் பெயர் மாற்றம் பெற்றிருந்தது.

தேசிய அணி

1961-க்கும் 1966-க்கும் இடையில் மெக்லாக்லின் வட அயர்லாந்து அணிக்காக 12 ஆட்டங்களில் ஆடி 6 கோல்களை அடித்தார். 1961 அக்டோபரில் பெல்ஃபாஸ்டில் ஸ்காட்லாந்திடம் வட அயர்லாந்து 1–6 எனத் தோற்றபோது அணியின் ஒரே கோலை அடித்தவர் இவரே. அப்போது இவர் மூன்றாம் பிரிவு ஆட்டக்காரர் என்பது குறிப்பிடத்தக்கது.

1964 ஏப்ரல் 15 அன்று வேல்சுக்கு எதிரான ஆட்டம், சுவான்சியின் சொந்த அரங்கமான வெட்ச் ஃபீல்டில் நடைபெற்றது. வட அயர்லாந்து 3–2 என வென்ற இவ்வாட்டத்தில் மெக்லாக்லின் ஒரு கோல் அடித்தார். ஆனால் இவ்வாட்டம் இன்று நினைவுகூரப்படுவது வேறொரு காரணத்துக்காக: ஜார்ஜ் பெஸ்ட், பாட் ஜென்னிங்ஸ் ஆகிய இருவரும் தேசிய அணியில் அறிமுகமானது அன்றுதான். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்துக்கு எதிராக இடைவேளையின்போது 0–4 எனப் பின்தங்கியிருந்த வட அயர்லாந்து 3–4 என்ற கணக்கு வரை மீண்டு வந்தது. அம்மூன்று கோல்களுள் இரண்டு மெக்லாக்லின் அடித்தவை.

மேலாளராக

டண்டாக் (1974–1983)

1974 நவம்பரில் மெக்லாக்லின் டண்டாக் கழகத்தின் ஆட்டக்கார மேலாளராகப் பொறுப்பேற்றார். டண்டாக், டப்ளினுக்கும் பெல்ஃபாஸ்டுக்கும் இடைவழியில், குடியரசின் பக்கம், எல்லைக்கு மிக அருகில் உள்ள ஊர். 1903-இல் இரயில்வே தொழிலாளர்களின் அணியாகத் தோன்றிய இக்கழகம் இறுதியாக லீக் பட்டம் வென்றது 1966–67 பருவத்தில். அவர் வந்தபோது கழகம் பணமின்றியும் வெற்றியின்றியும் இருந்தது.

அயர்லாந்து லீக்கின் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் முழுநேரத் தொழில்முறையினர் அல்லர். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வந்தவர்கள். இங்கிலாந்தின் மூன்றாம், நான்காம் பிரிவுகளில் குறைந்த வசதிகளுடன் நீண்ட பருவங்களை ஆடிப் பழகிய மெக்லாக்லினுக்கு இச்சூழல் அந்நியமானதாக இல்லை. அவரது முதல் முழுப் பருவமான 1975–76-லேயே டண்டாக் லீக் பட்டத்தை வென்றது. அப்பருவத்தின் நடுவே, 1975 டிசம்பர் 19 அன்று, ஊரின் மதுக்கூடம் ஒன்றின் வெளியே குண்டு வெடித்து இருவர் உயிரிழந்தனர்.

1977-இல் எஃப்.ஏ.ஐ. கோப்பையும், 1977–78 பருவத்தில் லீக் கோப்பையும் கிடைத்தன. 1978–79 பருவத்தில் லீக், எஃப்.ஏ.ஐ. கோப்பை இரண்டையும் ஒருங்கே வென்றது டண்டாக். கழகத்தின் வரலாற்றில் இவ்விரட்டை வெற்றி இதுவே முதன்முறை. 1981-இல் மீண்டும் எஃப்.ஏ.ஐ. கோப்பையும் லீக் கோப்பையும், 1981–82 பருவத்தில் மூன்றாவது லீக் பட்டமும் அவரது காலத்தில் கிடைத்தன.

லின்ஃபீல்ட் ஆட்டம், 1979

1979–80 ஐரோப்பியக் கோப்பையின் தொடக்கச் சுற்றில் டண்டாக்குக்கு எதிரணியாக அமைந்தது, வடக்கின் சாம்பியனான பெல்ஃபாஸ்ட் நகரின் லின்ஃபீல்ட். லின்ஃபீல்டின் ஆதரவாளர்கள் பெரும்பாலும் சீர்திருத்தக் கிறித்தவர்கள். ஐக்கிய இராச்சியத்தோடு இணைந்திருப்பதை விரும்புபவர்கள். முதல் ஆட்டம் 1979 ஆகஸ்டு 29 அன்று டண்டாக்கின் ஓரியல் பார்க் அரங்கில் நடைபெறவிருந்தது.

அதற்கு இரண்டு நாட்களுக்கு முன், ஆகஸ்டு 27 அன்று, பிரித்தானிய இந்தியாவின் கடைசி அரசப் பிரதிநிதியாக இருந்த மவுண்ட்பேட்டன் பிரபு அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டுக்குப் பலியானார். அதே நாளில், டண்டாக்கிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத வாரன்பாயிண்ட் என்னுமிடத்தில் 18 பிரித்தானியப் படைவீரர்கள் கொல்லப்பட்டனர். இந்தச் சூழலில் ஆயிரக்கணக்கான லின்ஃபீல்ட் ஆதரவாளர்கள் எல்லையைக் கடந்து டண்டாக்குக்கு வந்தனர். அரங்கினுள் பெரும் கலவரம் மூண்டது. ஆட்டம் 1–1 என முடிந்தது.

இரண்டாம் ஆட்டத்தைப் பெல்ஃபாஸ்டில் நடத்த ஐரோப்பியக் காற்பந்துச் சங்கம் இசையவில்லை. அது நெதர்லாந்தின் ஹார்லெம் நகருக்கு மாற்றப்பட்டது. சாலை வழியே ஏறத்தாழ ஒன்றரை மணிநேரத் தொலைவிலிருந்த இரண்டு ஊர்களின் அணிகள் கடல் கடந்து சென்று ஆடின. டண்டாக் 2–0 என வென்றது.

செல்டிக்

அடுத்த சுற்றில் மால்ட்டாவின் ஹிபர்னியன்ஸ் அணியை வென்ற டண்டாக், அதற்கடுத்த சுற்றில் ஸ்காட்லாந்தின் செல்டிக் அணியைச் சந்தித்தது. 1967-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற கழகம் அது. கிளாஸ்கோவில் நடைபெற்ற முதல் ஆட்டத்தில் டண்டாக் 2–3 எனத் தோற்றது.

அக்காலத்து விதிப்படி, இரு ஆட்டங்களின் கூட்டுத்தொகை சமமானால் எதிரணி அரங்கில் மிகுதியான கோல்களை அடித்த அணியே வென்றதாகக் கொள்ளப்படும். ஆகவே ஓரியல் பார்க்கில் 1–0 என வென்றால்கூட டண்டாக் காலிறுதிக்குச் சென்றிருக்கும். அந்த ஒரு கோல் கடைசி வரை வரவில்லை. ஆட்டம் 0–0 என முடிந்தது. காலிறுதியில் செல்டிக் சந்தித்த அணி ரியால் மாட்ரிட்.

ஐரோப்பியப் போட்டிகளில் டண்டாக்

மெக்லாக்லின் காலத்தில் டண்டாக் ஆடிய ஐரோப்பிய ஆட்டங்களின் முடிவுகள் கீழே தரப்பட்டுள்ளன. டண்டாக்கின் கோல்கள் முதலில் குறிக்கப்பட்டுள்ளன.

1976–77, பி.எஸ்.வி. ஐந்தோவன் (நெதர்லாந்து): சொந்த அரங்கில் 1–1, வெளியில் 0–6
1977–78, ஹைடுக் ஸ்பிலிட் (யுகோசுலாவியா): சொந்த அரங்கில் 1–0, வெளியில் 0–4
1979–80, லின்ஃபீல்ட் (வட அயர்லாந்து): சொந்த அரங்கில் 1–1, ஹார்லெமில் 2–0
1979–80, ஹிபர்னியன்ஸ் (மால்ட்டா): சொந்த அரங்கில் 2–0; வெளியில் 0–1
1979–80, செல்டிக் (ஸ்காட்லாந்து): சொந்த அரங்கில் 0–0, வெளியில் 2–3
1980–81, போர்ட்டோ (போர்த்துகல்): சொந்த அரங்கில் 0–0, வெளியில் 0–1
1981–82, ஃபிராம் (ஐசுலாந்து): சொந்த அரங்கில் 4–0, வெளியில் 1–2
1981–82, டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் (இங்கிலாந்து): சொந்த அரங்கில் 1–1, வெளியில் 0–1
1982–83, லிவர்பூல் (இங்கிலாந்து): சொந்த அரங்கில் 1–4, வெளியில் 0–1

இப்பட்டியலில் இரண்டு செய்திகள் புலனாகின்றன. முதலாவது, 1976 முதல் 1981 வரை ஓரியல் பார்க்கில் நடைபெற்ற 8 ஐரோப்பிய ஆட்டங்களில் டண்டாக் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அவற்றில் எதிரணிகள் அடித்த கோல்கள் மொத்தம் 3 மட்டுமே. இரண்டாவது, வெளியரங்கில் 6 கோல், 4 கோல் இடைவெளியில் தோற்றுக்கொண்டிருந்த அணி, 1979-க்குப் பின் வெளியரங்கில் ஒரு கோலுக்கு மேற்பட்ட இடைவெளியில் தோற்கவே இல்லை. லிவர்பூலின் ஆன்ஃபீல்டில்கூட இழந்தது ஒரே கோல்தான். பகுதிநேர ஆட்டக்காரர்களைக் கொண்ட ஓர் அணி தன் தோல்விகளிலிருந்து படிப்படியாகக் கற்றுக்கொண்டதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

ஷாம்ராக் ரோவர்ஸ் (1983–1986)

1983-இல் மெக்லாக்லின் டப்ளினின் ஷாம்ராக் ரோவர்ஸ் கழகத்துக்கு மாறினார். அயர்லாந்து லீக்கில் மிகுதியான பட்டங்களை வென்ற இக்கழகம், 1963–64-க்குப் பின் 19 ஆண்டுகளாக லீக்கை வெல்லவில்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைட்டட் அணியில் புகழ்பெற்ற ஜானி ஜைல்ஸ் 1977 முதல் இக்கழகத்தை ஐரோப்பிய அளவில் உயர்த்த முயன்றார். ஆயினும் அவர் காலத்தில் கிடைத்த பெரிய வெற்றி 1978-ஆம் ஆண்டின் எஃப்.ஏ.ஐ. கோப்பை மட்டுமே. அவர் 1983-இன் தொடக்கத்தில் விலகினார்.

மெக்லாக்லின் அணியைப் பெருமளவு மாற்றியமைத்தார். டண்டாக்கில் தம்மிடம் ஆடிய டெர்மட் கீலி போன்றோரை இங்கும் சேர்த்துக்கொண்டார். பாட் பைர்ன், லியாம் பக்லி, ஆலன் கேம்பெல், பின்னர் மான்செஸ்டர் யுனைட்டட் சென்ற லியாம் ஓபிரையன் ஆகியோர் இவ்வணியின் குறிப்பிடத்தக்க ஆட்டக்காரர்கள். முதல் பருவத்திலேயே லீக் பட்டம் வந்தது. 1984–85, 1985–86 பருவங்களில் லீக்கோடு எஃப்.ஏ.ஐ. கோப்பையும் கிடைத்தது. அதாவது மூன்று ஆண்டுகளில் மூன்று லீக் பட்டங்கள், இரண்டு கோப்பைகள். தவறியது 1984-ஆம் ஆண்டின் கோப்பை மட்டுமே. இறுதியாட்டத்தில் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் அணி மறுஆட்டத்தில் ரோவர்சை வென்றது.

உள்நாட்டில் தடுக்க முடியாததாக விளங்கிய இவ்வணி ஐரோப்பாவில் அதே அளவுக்குச் சிறக்கவில்லை. 1984-இல் மெக்லாக்லினின் எதிரே மீண்டும் லின்ஃபீல்ட் வந்தது. பெல்ஃபாஸ்டில் 0–0, டப்ளினில் 1–1. இம்முறை வெளியரங்குக் கோல் விதி அவருக்கு எதிராக அமைந்தது. அடுத்த ஆண்டு அங்கேரியின் ஹொன்வேட் அணி ரோவர்சை வெளியேற்றியது.

1986-இல் மெக்லாக்லின் விலகியபின் கீலி ஆட்டக்கார மேலாளரானார். 1986–87 பருவத்திலும் ரோவர்ஸ் இரட்டை வெற்றி பெற்றது. ஆனால் அதே ஆண்டு கழகத்தின் உரிமையாளர்கள் மில்டவுன் பகுதியிலிருந்த கிளன்மலூர் பார்க் அரங்கை விட்டு அணியை வெளியேற்றினர். ஆதரவாளர்களின் எதிர்ப்பையும் மீறி அந்நிலம் விற்கப்பட்டது. கழகம் டாலாட் பகுதியில் தனக்கென ஓர் அரங்கில் குடியேறியது 2009-இல்தான்.

டெர்ரி சிட்டி

பதின்மூன்று ஆண்டு இடைவெளி

மெக்லாக்லின் அடுத்துச் சென்றது தம் பிறந்த ஊருக்கு. அவர் திரும்பியபோது அங்கிருந்த நிலையைப் புரிந்துகொள்ள, சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

டெர்ரி சிட்டியின் பிராண்டிவெல் அரங்கு, 1960-களின் இறுதியில் தொடங்கிய கலவரங்களின் மையங்களுள் ஒன்றான பாக்சைட் குடியிருப்பை ஒட்டி அமைந்துள்ளது. 1971 செப்டம்பரில் அங்கு ஆட வந்த பாலிமீனா யுனைட்டட் அணியின் பேருந்து கடத்தப்பட்டு எரிக்கப்பட்டது. அதன்பின் பிற கழகங்கள் அங்கு வர மறுத்தன. டெர்ரி சிட்டி தன் "சொந்த அரங்கு" ஆட்டங்களை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலரெயின் நகரில் ஆட வேண்டியதாயிற்று. பார்வையாளர்கள் குறைந்தனர், வருவாய் வற்றியது. 1972-இல் பாதுகாப்புப் படையினர் பிராண்டிவெல்லில் ஆடத் தடையில்லை எனத் தெரிவித்தபோதும், லீக்கின் கழகங்கள் வாக்களித்து ஒரே வாக்கு வேறுபாட்டில் அதை மறுத்தன. அவ்வாண்டு அக்டோபரில் டெர்ரி சிட்டி ஐரிஷ் லீக்கிலிருந்து விலகியது.

அடுத்த 13 ஆண்டுகள் அந்நகருக்கு முதுநிலைக் காற்பந்து இல்லை. மீண்டும் சேர்த்துக்கொள்ளுமாறு விடுத்த விண்ணப்பங்களை ஐரிஷ் லீக் ஏற்கவில்லை. இறுதியில், இரு சங்கங்களின் ஒப்புதலோடும் உலகக் காற்பந்துச் சங்கத்தின் சிறப்பு இசைவோடும், எல்லைக்கு அப்பாலுள்ள அயர்லாந்து லீக்கில் 1985-இல் டெர்ரி சிட்டி சேர்க்கப்பட்டது. 1985 செப்டம்பர் 8 அன்று ஹோம் ஃபார்ம் அணிக்கு எதிராக முதல் ஆட்டம் நடைபெற்றது. பிராண்டிவெல்லில் காவல்துறையினர் நிறுத்தப்படவில்லை. கழகத்தின் தன்னார்வலர்களே கூட்டத்தை ஒழுங்குபடுத்தினர். 1986–87 பருவத்தில், ரோவர்சில் மெக்லாக்லினிடம் ஆடியவரான நோயல் கிங்கின் மேலாண்மையில், இவ்வணி முதல் பிரிவை வென்று முதன்மைப் பிரிவுக்கு உயர்ந்தது.

மூன்று பட்டங்கள், 1988–89

முதன்மைப் பிரிவில் அணியை வழிநடத்திய மெக்லாக்லின் 1988-இலேயே அதை எஃப்.ஏ.ஐ. கோப்பையின் இறுதியாட்டத்துக்குக் கொண்டு சென்றார். அங்கு டெர்ரியை 1–0 என வென்றது அவரது பழைய கழகமான டண்டாக்.

அடுத்த பருவமான 1988–89-இல் டெர்ரி சிட்டி லீக், எஃப்.ஏ.ஐ. கோப்பை, லீக் கோப்பை ஆகிய மூன்றையும் வென்றது. ஒரே பருவத்தில் இம்மூன்றையும் ஒரு கழகம் வென்றது அதுவே முதன்முறை. கார்க் சிட்டிக்கு எதிரான கோப்பை இறுதியாட்டம் 0–0 எனச் சமநிலையில் முடிய, மறுஆட்டத்தில் ஃபீலிக்ஸ் ஹீலி அடித்த கோலால் டெர்ரி 1–0 என வென்றது. ஹீலியும் டெர்ரியில் பிறந்தவர்; 1982 உலகக் கோப்பையில் வட அயர்லாந்து அணியில் இடம்பெற்றவர். லியாம் கோயில், பால் டூலின், ஜொனாதன் ஸ்பீக், மிக் நெவில் ஆகியோர் இவ்வணியின் பிற முக்கிய ஆட்டக்காரர்கள்.

இவ்வெற்றியால் ஒரு விந்தையான நிலை உருவாயிற்று. 1989-இல் அயர்லாந்துக் குடியரசின் சாம்பியனாக ஐரோப்பியக் கோப்பையில் ஆடிய கழகம், ஐக்கிய இராச்சியத்தின் நகரம் ஒன்றைச் சேர்ந்தது. பிராண்டிவெல்லுக்கு வந்த எதிரணி போர்த்துகலின் பென்ஃபிக்கா. ஸ்வென் யோரான் எரிக்சனின் பயிற்சியில் இருந்த அவ்வணி அப்பருவத்தில் இறுதியாட்டம் வரை சென்றது. டெர்ரி சொந்த அரங்கில் 1–2 எனவும், லிசுபனில் 0–4 எனவும் தோற்றது. முடிவு எதுவாயினும், 18 ஆண்டுகளுக்கு முன் அண்டை ஊர் அணிகளே வர மறுத்த அரங்குக்கு ஐரோப்பாவின் தலைசிறந்த கழகங்களுள் ஒன்று வந்து ஆடிச் சென்றது.

பிற்காலம்

1990-களின் தொடக்கத்தில் மெக்லாக்லின் டெர்ரி சிட்டியின் மேலாளர் பொறுப்பிலிருந்து விலகினார். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் டண்டாக்குக்குத் திரும்பினார். ஆனால் அக்கழகம் பழைய நிலையில் இல்லை, பணநெருக்கடியில் சிக்கியிருந்தது. 1998–99 பருவத்தின் முடிவில் டண்டாக் தன் வரலாற்றில் முதன்முறையாகத் தரமிறங்கியது. மெக்லாக்லின் 2024-இல் தம் 83-ஆவது வயதில் காலமானார்.

பட்டங்கள்

அயர்லாந்து லீக் (7)
டண்டாக்: 1975–76, 1978–79, 1981–82
ஷாம்ராக் ரோவர்ஸ்: 1983–84, 1984–85, 1985–86
டெர்ரி சிட்டி: 1988–89

எஃப்.ஏ.ஐ. கோப்பை (6)
டண்டாக்: 1977, 1979, 1981
ஷாம்ராக் ரோவர்ஸ்: 1985, 1986
டெர்ரி சிட்டி: 1989

தாக்கம்

ஒரு மேலாளரின் வெற்றி, அவருக்குக் கிடைத்த பணத்தாலும் ஆட்டக்காரர்களாலும் வந்ததா, அவரது திறமையால் வந்ததா என்று பிரித்தறிவது கடினம். மெக்லாக்லினைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு ஓரளவு விடை உண்டு. அவர் சென்ற மூன்று கழகங்களும் தம்முள் மிகவும் வேறுபட்டவை: பணமற்ற எல்லையோர ஊர்க் கழகம், பழம்பெருமை கொண்ட தலைநகர்க் கழகம், லீக்கே இல்லாமல் 13 ஆண்டுகள் இருந்து மீண்டெழுந்த கழகம். மூன்றிலும் விளைவு ஒன்றாகவே இருந்தது.

அவரிடம் ஆடியவர்களில் பலர் பிற்காலத்தில் மேலாளர்களாகி லீக் பட்டம் வென்றனர். டெர்மட் கீலி ஷாம்ராக் ரோவர்சையும் பின்னர் டண்டாக்கையும் (1994–95), பாட் பைர்ன் ஷெல்போர்ன் கழகத்தையும் (1991–92), ஃபீலிக்ஸ் ஹீலி டெர்ரி சிட்டியையும் (1996–97), லியாம் பக்லி செயின்ட் பாட்ரிக்ஸ் அத்லெட்டிக் கழகத்தையும் (1998–99, 2013) சாம்பியன்களாக ஆக்கினர்.

டெர்ரி சிட்டி, வட அயர்லாந்தில் இருந்துகொண்டே, 1985 முதல் தொடர்ந்து அயர்லாந்து லீக்கில் ஆடி வருகிறது. 1998-இல் பெரிய வெள்ளி ஒப்பந்தம் கையெழுத்தாகி வன்முறை பெருமளவு ஓய்ந்த பின்னும் அது ஐரிஷ் லீக்குக்குத் திரும்பவில்லை.